யப்பான் தோட்டத்தில் புரட்டாதிச் சனி

உங்களில் யாராவது ஒக்லாந்தில் காகம் தேடி அலைந்திருக்கிறீர்களா? நாங்கள் அலைந்தோம். பிள்ளைகளாக இந்த ஊருக்கு வந்து இறங்கி, இப்போது மருந்துப் போத்தலின் எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசிக்கிற வயதுக்கு வந்துவிட்ட உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். இங்கே பிறந்தவர்களிடம் சொல்லத் தொடங்கினால், காகத்துக்கு எதற்குச் சோறு என்ற கேள்வியிலேயே கதை நின்றுவிடும்.

அப்போது நாங்கள் பாபடோயிட்டோயில் ஒரு வாடகை யூனிட்டில் இருந்தோம். அப்பாவுக்கு விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் இரவு வேலை. அம்மா வீட்டோடு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அவனிடம் ஒரு சோடி மஞ்சள் கம்பூட்ஸ் இருந்தது. முழங்கால் வரை வருகிற ரப்பர் சப்பாத்து. மழையோ வெயிலோ, அதைத்தான் போடுவான். இரவில் அதைக் கழற்ற வைப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். வலது பூட்ஸின் உள்ளே அவன் பெயரின் முதல் எழுத்தை அம்மா பேனையால் எழுதியிருந்தார்.

கண்டம் தொலைபேசி வழியாக வந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, கொழும்பிலிருந்து இடைக்கிடை எடுப்பார். கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல இருக்கும் அந்தக் குரல். தம்பியின் சாதகத்தை ஒரு சாத்திரியாரிடம் காட்டியிருக்கிறார். அம்மா "ஓம் அண்ணா, ஓம் அண்ணா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஓம் நின்றுவிட்டது. ரிசீவரை வைத்த பிறகும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அஞ்சு வயசு முடியிறதுக்குள்ள பிள்ளைக்குத் தண்ணியில கண்டமாம்," என்று அப்பாவிடம் சொன்னார். "சனியின்ரை பார்வையாம். இதில தப்பினால் ஆயுசு கெட்டியாம்."

அப்பா ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் அன்று வேலைக்குப் புறப்படும்போது, குளியல் தொட்டியின் அடைப்பானைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு அந்த அடைப்பான் தினமும் அவரோடு வேலைக்குப் போய் வந்தது. தொட்டியில் தண்ணீர் நிற்காது என்றால் பிள்ளைக்கு வீட்டிலாவது பயமில்லை என்று அவருக்கு ஒரு கணக்கு.

இந்த ஊரில் தண்ணீருக்குப் பயந்து எங்கே ஒளிவது, சொல்லுங்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிவில் ஒரு கடல் நிற்கிறது. அம்மா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவதை நிறுத்தினார். வாளிகளைக் கவிழ்த்து வைத்தார். பாலர் பள்ளியில் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று தெரிந்ததும், தம்பிக்குக் காதில் வருத்தம், தண்ணீர் படக்கூடாது என்று என்னைக்கொண்டே ஆசிரியைக்குச் சொல்ல வைத்தார். நான்தான் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். அந்த ஆசிரியை தம்பியின் காதை இரக்கத்தோடு தடவிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

பக்கத்து யூனிட்டில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் அன்ரி இருந்தார். அம்மாவுக்கு இங்கே கிடைத்த ஒரே சிநேகிதி. விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. "நீச்சல் கிளாஸ்ல சேத்து விடுங்கக்கா. இந்த ஊர் குழந்தைங்க நடக்குறதுக்கு முன்னாடி நீந்துதுங்க. நீந்தத் தெரிஞ்சவன கண்டம் என்ன பண்ணும்?" என்றார்.

அம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "கண்டம் எண்டு சொல்லியிருக்கேக்க, நானே கொண்டுபோய்ப் பிள்ளையைத் தண்ணியில விடுறதோ, தங்கச்சி?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த ஒரு பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கக் கூடாதா என்று இப்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சாத்திரியார் பரிகாரமும் சொல்லியிருந்தார். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் விரதம் இருந்து, எள்ளுப் பொட்டலம் எரித்து, பிள்ளையின் கையாலேயே காகத்துக்கு எள்ளுச் சாதம் வைக்க வேண்டும். காகம் தின்ற பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் கை நனைக்கலாம். சொல்லிவிட்டார். காகத்துக்கு எங்கே போவது? முதல் சனிக்கிழமை அம்மா பின் வளவில் வேலிக்கட்டையின் மேல் சோற்றை வைத்துவிட்டுக் "கா, கா" என்று கூப்பிட்டார். கடற்புறாக்கள் வந்தன. வெள்ளை வெளேரென்று, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு ஒரு நிமிடத்தில் வழித்துத் துடைத்துவிட்டுப் போயின. வெள்ளைப் பறவை தின்று கறுப்புக் கடவுளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அம்மா அன்று முழுக்கப் பட்டினி கிடந்தார். அப்பா காரில் எங்களை ஏற்றிக்கொண்டு பூங்கா பூங்காவாகச் சுற்றினார். காகம் இல்லை. காகமே இல்லாத ஊருக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்துவிட்டோமே என்று அம்மா அன்றுதான் முதல் தடவையாக இந்த நாட்டைப் பற்றி அழுதார்.

வழி சொன்னவர் நர்ஸ் அன்ரிதான். ஒரு பெரிய பூங்காவின் மூலையில் யப்பான் தோட்டம் ஒன்று இருக்கிறதாம். அங்கே குளத்தங்கரையில் பூக்கேக்கோ என்ற பறவை நிறைய உலாவுகிறதாம். கோழி மாதிரி, நீலமும் கறுப்புமாக இருக்குமாம். "நீலமும் சனி பகவானுக்கு உகந்ததுதானேக்கா," என்றார். அம்மா யோசித்தார். நீலக்கல் சனிக்குரியதுதான். நீலப் பட்டுத்தான் சாத்துகிறார்கள். முகம் தெளிந்துவிட்டது.

தண்ணீரில் கண்டம் என்று தொட்டியின் அடைப்பானையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த குடும்பம், அதற்குப் பரிகாரமாக அந்தப் பிள்ளையை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு குளத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியது இப்படித்தான். இதில் உள்ள பைத்தியக்காரத்தனம் அப்போது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கே பட நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

அந்தத் தோட்டம் எவ்வளவு அழகு என்று சொல்லியே ஆகவேண்டும். இந்த ஊரில் புரட்டாதி வசந்த காலம். செரி மரங்கள் இலையில்லாமல் பூவாக நின்றன. மூங்கில் வேலிக்கு அப்பால் வெள்ளைக் கூழாங்கல்லை வரிவரியாக வாரி வைத்திருந்தார்கள். யாரோ விடியற்காலையில் எழும்பிக் கோலம் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்தார். ஒரு வளைந்த மரப்பாலம். குளத்தின் குறுக்கே, கால் வைத்துத் தாண்டுவதற்குத் தட்டையான படிக்கற்கள். தண்ணீர் மட்டும் கறுப்பு. ஆழமா, ஆழமில்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாத கறுப்பு. அதன்மேல் இளஞ்சிவப்பு இதழ்கள் அசையாமல் கிடந்தன. ஈர இலையும் சேறும் கலந்த வாடை. அங்கே எல்லோரும் ஏனோ மெதுவாகவே கதைத்தார்கள்.

கரையில் ஒரு கல்விளக்கு, தொப்பி போட்டதுபோல. அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "எந்த ஊர்ச் சாமியெண்டாலும் விளக்கு விளக்குத்தானே," என்றார். கறுத்தத் துணியில் கட்டிய எள்ளுப் பொட்டலத்தை நல்லெண்ணெயில் நனைத்து அதன் உள்ளே வைத்துக் கொளுத்தினார். அப்பாவுக்குப் பொலிஸ் வரும் என்று பயம். இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் கார் ஓட்டி வந்தவர், இந்தக் கூத்தைப் பார்க்க மாட்டேன் என்று தரிப்பிடத்துக்குப் போய்க் கார் இருக்கையைச் சரித்துப் படுத்துவிட்டார். எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான் படுத்தார்.

பூக்கேக்கோக்கள் மெதுவாக வந்தன. சிவந்த சொண்டு, சிவந்த நீளக் கால், நடக்கும்போது வால் துடிக்கும். அம்மா சோற்றை உருண்டையாக்கித் தம்பியின் கையில் கொடுக்க, அவன் குந்தியிருந்து புல்லில் வைத்தான். "கா, கா எண்டு கூப்பிடு, ராசா." அவனும் கூப்பிட்டான். ஓடுகிறவர்களும் நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் நின்று பார்த்தார்கள். பறவைகள் தின்றன. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து அன்று முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பறவைகள் மஞ்சள் பூட்ஸை அடையாளம் கண்டு ஓடி வந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. மற்ற எவரையும் விட்டுவிட்டு அவனை மட்டும் சுற்றிக்கொண்டன. தம்பி கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். தண்ணீர்ப் பக்கம் திரும்பவே விடாமல் வளர்த்த பிள்ளை, இப்போது காரிலிருந்து இறங்கியதும் தண்ணீரை நோக்கி ஓடினான். சனிக்கிழமை எப்போது வரும் என்று செவ்வாய்க்கிழமையே கேட்கத் தொடங்கினான்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு சோற்றுருண்டை சரிவில் உருண்டு குளத்துக்குள் போனது. பூவிதழ்கள் விலகின. கீழேயிருந்து ஏதோ எழும்பி வந்தது. அப்பாவின் முன்னங்கை மொத்தத்தில், கறுப்பாக, வழுவழுவென்று. விலாங்கு. வாயைத் திறந்து சோற்றை இழுத்துக்கொண்டு கீழே போனது. பின்னால் இன்னொன்று வந்து அங்கேயே நின்று எங்களைப் பார்த்தது. கூழாங்கல் வாரிக்கொண்டிருந்த தோட்டக்காரர் வந்து, சோறு போட்டால் இவை கரைக்கே வந்துவிடும், இங்கே கல் வழுக்கும், சின்னவனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

"அதுவும் கறுப்புத்தானே," என்றார் அம்மா. விலாங்கைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார்.

கடைசிச் சனிக்கிழமை தூறல். ஆட்கள் இல்லை. பூவெல்லாம் கொட்டிவிட்டது. குளம் முழுக்க இதழ் மூடி, தரை எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. கல்விளக்குக்குள் நெருப்புப் பிடிக்க மறுத்தது. அம்மா குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். நான் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். தம்பி கையில் சோற்றோடு முதலாவது படிக்கல்லில் நின்று "கா, கா" என்று கூப்பிடுவது கேட்டது. பிறகு இரண்டாவது கல்லிலிருந்து கேட்டது. பிறகு கேட்கவில்லை.

சத்தம் என்று ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கல் இருந்தது. இதழ்களுக்கு நடுவே ஒரு பிள்ளை அளவுக்குக் கறுப்பாக ஓர் ஓட்டை இருந்தது. அதுவும் மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. சேலையோடு குதித்தார். தண்ணீர் அவருக்கு இடுப்பளவுதான். அவ்வளவுதான் அந்தக் குளம். ஆனால் சேறும் இருட்டும். அவர் இரண்டு கையாலும் துழாவினார். சேலை மேலே மிதந்து அவரைச் சுற்றி விரிந்தது. நான் குடையைப் பிடித்தபடியே நின்றேன். பிறகு அம்மா தலைமயிரில் பிடித்து அவனை இழுத்து எடுத்தார். அவன் இருமினான். வாயிலிருந்து எள்ளும் சோறும் பூவிதழும் வந்தன. அதன் பிறகு குரலெடுத்து அழுதான். அந்த அழுகை எவ்வளவு இனிமையாக இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

அம்மா கரையில் இருந்து அவனை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். ஓம், சிரித்தார். "கழிஞ்சுது," என்றார். "கண்டம் கழிஞ்சுது. முருகா, கழிஞ்சுது."

ஒரு காலில் பூட்ஸ் இல்லை. முதல் எழுத்து எழுதிய வலது பூட்ஸ். "பூட்ஸை எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தந்திட்டார்," என்று அம்மா சனீஸ்வரனுக்கு நன்றி சொன்னார். நான் தண்ணீரைப் பார்த்தேன். இதழ்கள் மறுபடியும் மூடிக்கொண்டிருந்தன.

அன்று வீட்டில் தேங்காய் உடைத்தோம், பாயாசம் வைத்தோம். அப்பா அடைப்பானைப் பையிலிருந்து எடுத்துத் தொட்டியில் திரும்ப மாட்டினார். மாமாவுக்குத் தொலைபேசி போனது. சாத்திரியார் சொன்னது அச்சொட்டாக நடந்துவிட்டது என்று கொழும்பிலும் சந்தோஷம். பயம் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. வாளிகள் நிமிர்ந்தன. மறுபடி கடற்கரைக்குப் போனோம். பாலர் பள்ளியில் சொன்ன காது வருத்தம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அது பெரிய பள்ளிக்கும் அவன் பின்னால் போனது. நீச்சல் வகுப்பில் அவன் எப்போதும் கரையில் இருந்து மற்றவர்களின் துவாய்களைப் பார்த்துக்கொண்டான். அதை மாற்றிச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி எதற்கு? கண்டம்தான் கழிந்துவிட்டதே.

தம்பிக்குத் தமிழ் வரவில்லை. கேட்டால் விளங்கும், ஆங்கிலத்தில்தான் பதில் வரும். ஆனால் கழிஞ்சுது என்ற சொல்லை அம்மாவைப் போலவே சொல்லுவான். பூட்ஸ் கதை அவனுக்குப் பெருமை. விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைப்பான். வளர்ந்து, வேலை கிடைத்து, வெஸ்ட்கேட் பக்கம் புதுவீடு வாங்கிப் போனபின் அவனுக்கு மீன்பிடிப் பைத்தியம் பிடித்தது. மேற்குக் கடற்கரையில் கறுப்பு மணலும் பாறையுமாகக் கிடக்கிற இடங்கள் உங்களுக்குத் தெரியும். அலை எப்போது எழும்பும் என்று தெரியாத இடங்கள். மிதவைச் சட்டையைப் போடு என்று நான் சொல்லாத நாளில்லை. "அக்கா, எனக்குக் கழிஞ்சுது," என்பான். கண்ணைச் சிமிட்டுவான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். நாலு வயதில் உங்கள் தாய் உங்களைக் கட்டிப்பிடித்துச் சிரித்துச் சொன்ன ஒன்றை நீங்கள் முழுதாக நம்பாமல் இருந்துவிடுவீர்களா?

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அலை அவனைப் பாறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. கூடப் போனவர்கள் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். அவனுடையது காரின் பின்பெட்டியில், கடையில் கட்டித் தந்த அட்டைகூடக் கழற்றாமல் இருந்தது. அவன் மனைவி அப்போது கைக்குழந்தையோடு இருந்தாள்.

அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது நாலு வயது ஆகப் போகிறது. சின்னவனின் அக்காவுக்கு ஏழு. அவர்கள் தாய்க்குச் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வேலை என்பதால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா என்னோடு இருக்கிறார். தம்பி போன பிறகு சாத்திரம் பார்ப்பதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. சின்னவனின் சாதகத்தையும் யாரிடமோ வட்ஸ்அப்பில் காட்டியிருக்கிறார். இவனுக்கும் தண்ணீர்தானாம்.

போன சனிக்கிழமை நான் செருப்பு மாட்டும்போது அம்மா வாசலுக்கு வந்தார். இரவெல்லாம் யோசித்திருப்பார் போல.

"யப்பான் தோட்டத்துக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில விடு. ஒருக்கா வழுக்கி விழுந்து நனைஞ்சு எழும்பினால் போதும்." பிறகு என் கையைப் பிடித்தார். "அண்டைக்கு நான் அவசரப்பட்டுத் தூக்கிட்டன். அதுதான் முழுசாக் கழியேல்லை. நீ அவசரப்பட்டுத் தூக்காதை."

என் அம்மா கெட்டவர் இல்லை. இந்தப் பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். அந்த உயிர்தான் இப்படிக் கதைக்கிறது. நான் பிள்ளைகளைக் காரில் ஏற்றினேன்.

பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் ஏற்கெனவே நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டேன். அன்றுதான் முதல் வகுப்பு. அம்மாவுக்குச் சொல்லவில்லை. நேரே அங்கே போயிருக்கலாம். ஆனால் நேரம் இருந்தது. அம்மா சொன்ன இடத்தை ஒருமுறை என் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போனேன். செரி பூத்திருந்தது. கல்விளக்குக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கரி இல்லை, சிலந்தி வலைதான் ஒட்டியது. குளம் அதே கறுப்பு. இந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கோ ஒரு மஞ்சள் பூட்ஸ், முதல் எழுத்தோடு. சின்னவனின் சட்டைக் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவனுக்கு வலித்திருக்கும். பெரியவள் பாலத்திலிருந்து விலாங்கைக் காட்டிக் கூப்பிட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான்.

சின்னவனின் ஒரு கால் சறுக்கிக் கணுக்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டது. அவ்வளவுக்குள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். அவன் பயப்படவே இல்லை. காலை ஆட்டிச் சொட்டுவதைப் பார்த்துச் சிரித்தான். தகப்பனின் அதே சிரிப்பு. என் வாயிலிருந்து தானாக ஒரு சொல் வந்தது.

"கழிஞ்சுது," என்றேன்.

சொன்ன கணத்தில் உடம்பெல்லாம் ஒரு சூடு பரவி, மூன்று வருடமாக இறங்காத பாரம் இறங்கியதுபோல அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை உணர்ந்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இந்த ஆறுதலைத்தான் அன்று நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயாசம் வைத்தோம்.

பிள்ளைகளைக் காருக்குக் கூட்டி வந்து, அவன் காலுறையைக் கழற்றிப் பிழிந்து, சூட்டுக்காற்று வருகிற துவாரத்தில் தொங்கவிட்டேன். தொலைபேசி அடித்தது. அம்மா.

"நனைஞ்சவனோ?"

பெரியவள் பின்னாலிருந்து ஓம் என்று சொல்லப் போனாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"இல்லையம்மா. ஒரு துளியும் படேல்லை."

அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பயம் திரும்பவும் அவருக்குள் போய் உட்காருவது எனக்குத் தெரிந்தது. இருக்கட்டும். என்னிடமும் இருக்கட்டும். இந்த முறை அந்தப் பயத்தை ஒருவரும் கழிக்கப் போவதில்லை.

"அப்ப, வாற சனிக்கிழமையும் கூட்டிக்கொண்டு போறியோ?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டு, காரை நீச்சல் குளத்துப் பக்கம் திருப்பினேன். காலுறை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.